சபையின் நலம் அறிய: கேள்வித்தாளா, வீடு சந்திப்பா?

தங்கள் நலத்தை அறிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘இயற்கையான சபை வளர்ச்சி’ (Natural Church Development) என்ற முறையின் கேள்வித்தாள். சபையில் ஈடுபாடுள்ள 30 பேர் நிரப்புவார்கள், போதகருக்குத் தனித்தாள். நலமான சபைக்குரிய 8 பண்புகளில் எது மிகப் பலவீனமோ, அதை முதலில் கவனிக்கச் சொல்லும். போதகரின் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதும் தாளில் வந்துவிடும். அது பெரிய நன்மை.

ஆனால் அந்த 30 பேர் யார்? பெரும்பாலும் முன்வரிசைக்காரர்கள்தான். துவாஸ் தொழிலாளர் தங்கும்விடுதியிலிருந்து ஞாயிறு மட்டும் வந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் பேருந்துக்கு ஓடும் தம்பி அதில் இருக்கமாட்டார்.

இரண்டாவது வழியான வீடு சந்திப்பில் அவரும் அகப்படுவார். ஈசூன் அடுக்குமாடி வீட்டில் தேநீரோடு உட்கார்ந்து கேட்டால், “பிள்ளைங்க ஆங்கில ஆராதனைக்குப் போயிட்டாங்க ஐயா, தமிழுக்கு நாங்க ரெண்டு பேருதான்” என்று ஓர் அம்மா மனம் திறப்பார். இதற்குக் கேள்வித்தாளில் கட்டம் கிடையாது. ஆனால் சந்திப்பு மெதுவான வேலை, வம்பும் கலக்கும். எழுதிவைக்காவிட்டால் காற்றோடு போகும்.

என் தேர்வு, வீடு சந்திப்பே முதலில். மூப்பர்கள் இருவர் இருவராகப் போகட்டும், விடுதிகளுக்கும் சேர்த்து. கேட்டதைப் பெயர் சொல்லாமல் செயற்குழுவில் வைத்தபின் கேள்வித்தாளைக் கொடுக்கலாம்.