எம்.டி.பி. கிட்: மாத்திரை பாஸ், விற்கிற கவுன்ட்டர் ஃபெயில்

எம்.டி.பி. கிட் எனப்படும் கருக்கலைப்பு மாத்திரைப் பெட்டியைக் கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் மூன்று விதமான பதில் வரும். "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல" என்பது ஒன்று. "டாக்டர் சீட்டு இருக்கா?" என்பது இரண்டாவது. சரியான பதில் அது ஒன்றுதான். மூன்றாவது ரகம் வாயைத் திறக்காது. உள்ளே போய், பெயர் தெரியாதபடி வெட்டிய மாத்திரைகளைக் காக்கிக் கவரில் போட்டு நீட்டி, அச்சடித்த விலைக்கு மேல் காசு வாங்கிக்கொள்ளும். அந்தக் கவருக்குள் என்ன இருந்திருக்க வேண்டும், அதே வேலை அரசு ஆஸ்பத்திரியில் எப்படி நடக்கிறது, இரண்டில் எது தேறும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் பெட்டி. எந்தக் கம்பெனி கிட்டாக இருந்தாலும் உள்ளே ஐந்து மாத்திரைதான். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிஸோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. மிஃபெப்ரிஸ்டோன் இந்தியாவுக்கு 2002இல் வந்தது. இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்த கிட்டுக்கு 2008இல் அனுமதி கிடைத்தது, 63 நாள் வரையிலான கர்ப்பத்துக்கு. முதல் மாத்திரை, கருவைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கிறது. கர்ப்பப்பை உள்சுவரின் பிடி தளர்கிறது. அடுத்த நான்கும் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து, வாயை இளக்கி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகின்றன. இரண்டுக்கும் நடுவே 24 முதல் 48 மணி நேரம் விடுவது சும்மா இல்லை. அந்த இடைவெளியில்தான் கர்ப்பப்பை இரண்டாவது மருந்துக்குப் பழுக்கிறது. "சீக்கிரம் முடியட்டும்" என்று ஐந்தையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் பாதியில் நின்றுபோகும் ஆபத்தைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

அட்டையைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். மிஸோப்ரோஸ்டாலுக்கு ஈரம் ஆகாது. இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் என்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் வீரியம் குறைய வாய்ப்பு உண்டு. குழியில் ஊசி முனை அளவு ஓட்டை, உப்பிய தகடு, தொட்டால் பொடியும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் அந்த அட்டை வேண்டாம். கத்தரியால் வெட்டி உதிரியாகத் தருவதில் பெரிய பிழையே இங்குதான்: வெட்டும் இடத்தில் தகடு பிரியும், காலாவதித் தேதி வேறு துண்டோடு போய்விடும், விவரத்தாள் குப்பைக்குப் போகும். அந்தத் தாளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கிறது. தயாரிப்பில் மதிப்பெண் குறைக்கிற ஒரே இடம் அது. ஐந்து மாத்திரைக்குத் தமிழில் ஐந்து வரி போடுவதில் என்ன நஷ்டம்?

அந்த ஐந்து வரியை இங்கே சொல்லிவிடலாம். முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோனைத் தண்ணீரோடு விழுங்குவது. ஒன்றிரண்டு நாள் கழித்து நான்கு மிஸோப்ரோஸ்டாலையும், அதாவது 800 மைக்ரோகிராம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டாகவோ நாக்குக்கு அடியிலோ அரை மணி நேரம் அடக்கி வைத்துவிட்டு மிச்சத்தை விழுங்குவது. பிறப்புறுப்பின் உள்ளே வைப்பதும் உண்டு. எந்த வழி என்பதைச் சீட்டு எழுதும் டாக்டர் சொல்வார். நேராக விழுங்கினால் பலன் குறையும். கடைக்காரர் "தண்ணில போட்டுக்கங்க" என்று சொல்லி அனுப்பும் கேஸ்கள் பாதியில் நிற்க இதுவும் ஒரு காரணம். வலிக்கு ஐபுப்ரோஃபென் கேட்கும், பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. குளிர், நடுக்கம், வயிற்றுப்போக்கு, சில மணி நேரக் காய்ச்சல் எல்லாம் மிஸோப்ரோஸ்டால் செய்கிற வேலை. முறையாகப் போட்டால் ஒன்பது வாரத்துக்குள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் மாத்திரையோடு முடிந்துவிடும். மீதிப் பேருக்குச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அந்த மீதிப் பேருக்காகத்தான் ஓர் ஆஸ்பத்திரி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கோளாறு அதிகம் கிளம்புவது மாத்திரையில் இல்லை, நாள் கணக்கில். "நாள் தள்ளிப்போய் பத்து நாள்தான் ஆச்சு" என்றால் பத்து நாள் கர்ப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்கும். 28 நாள் சுழற்சிக்காரருக்குத் தள்ளிப்போய் பத்து நாள் என்றால் 38 நாள், ஐந்தரை வாரம். தள்ளிப்போய் ஒரு மாதம் ஆகிவிட்டால் எட்டு வாரம் தாண்டியாயிற்று, ஒன்பதாவது ஓடுகிறது. பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள், பால் கொடுக்கிறவர்கள், மாதாமாதம் ஒழுங்காக வராதவர்கள் தேதியை நம்பக் கூடாது, ஸ்கேன் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்தை ஒன்பது என்று எண்ணி ஒரு கிட்டைப் போட்டால் ரத்தப்போக்கு கடுமையாகும், பாதிக் கரு உள்ளேயே தங்கும்.

இதைவிட மோசமானது குழாய்க் கர்ப்பம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் சினைக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைத் தொடவே தொடாது. ஆனால் உள்சுவர் உரிந்து கொஞ்சம் ரத்தம் வரும். "வந்துடுச்சு, முடிஞ்சுது" என்று நிம்மதியாக இருக்கும்போது உள்ளே குழாய் வெடிக்கும். ஒரு பக்க அடிவயிற்றில் குத்தல், தோள்பட்டையில் வலி, தலைசுற்றி மயக்கம் என்றால் யோசிக்காமல் 108. காப்பர் டி உள்ளே இருக்கும்போதே கர்ப்பமானவர்கள் இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும், மாத்திரைக்கு முன் காப்பர் டியையும் எடுத்தாக வேண்டும். ரத்தம் உறையாத நோய், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து, நெடுநாள் ஸ்டீராய்டு, அட்ரீனல் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி சரிவராது. கடும் ரத்தசோகை இருந்தால் வீட்டில் வைத்துச் செய்யவே கூடாது. கவுன்ட்டரில் நிற்கிறவர் இதில் ஒரு கேள்வியாவது கேட்பாரா?

கேட்காமல் என்ன தருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். சில இடத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் வரும். அது உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரை. கரு தங்கிய பிறகு அதற்கு வேலையே இல்லை. சில இடத்தில் "பீரியட்ஸ் வர வைக்கிற மாத்திரை" என்று நோரெதிஸ்டிரோன் வரும். கர்ப்பமாக இருப்பவருக்கு அது மாதவிலக்கை வர வைக்காது. வருமென்று காத்திருந்து மூன்று வாரம் வீணாவதுதான் மிச்சம். சிலர் மிஸோப்ரோஸ்டால் மட்டும் இரண்டைத் தருவார்கள். அதை மட்டும் வைத்துச் செய்யும் முறை மருத்துவத்தில் உண்டுதான், ஆனால் இரண்டு மாத்திரையில் முடிகிற கணக்கு இல்லை அது.

முதல் ரகக் கடைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ரெய்டு, ரெஜிஸ்டர் தொல்லை என்று தமிழ்நாட்டில் பல கடைகள் கிட்டை அறவே நிறுத்திவிட்டன. பெண் சிசுவைக் கலைக்க உதவியதாகிவிடும் என்ற பயமும் கலந்திருக்கிறது. ஒன்பது வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியவே தெரியாது. ஆக, இந்த மாத்திரைக்கும் பாலினத் தேர்வுக்கும் போடும் முடிச்சு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுவதுதான். இது ஷெட்யூல் ஹெச் மருந்து, சீட்டு வேண்டும், அவ்வளவே. சீட்டோடு வருகிறவருக்கும் மருந்து இல்லை என்றால் அவர் காக்கிக் கவரைத் தேடிப் போகிறார். 2015இல் இந்தியாவில் நடந்த ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்பில் 73 சதவீதம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை போட்டு நடந்தவை என்று ஒரு மதிப்பீடு உண்டு. அரசு மருத்துவமனைகளின் பங்கு 6 சதவீதம்.

அதே மதிப்பீட்டில் ஒரு 5 சதவீதம் மாத்திரையும் இல்லாமல், ஆஸ்பத்திரியும் இல்லாமல் நடந்தவை. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளு கருப்பட்டி உருண்டை: இவற்றால் பெரும்பாலும் வயிற்றைக் கலக்கும், கரு கலையாது. கெடுதல் என்னவென்றால் நாள் போய்விடும். எருக்கங்குச்சி, கொடிவேலி வேர் ரகம் அப்படியில்லை. குச்சி கர்ப்பப்பையைக் குத்திக் கிழிக்கும், குடல் வரை போகும். அதோடு போகும் கிருமியால் சீழ், டெட்டனஸ், ரத்தத்தில் நஞ்சு. தப்பிப் பிழைத்தாலும் சினைக்குழாய் அடைத்துப்போய், வேண்டும்போது பிள்ளை தங்காது. அரளி விதை இதயத் துடிப்பை நிறுத்தும். கண்வலிக் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்க வைக்கும். இந்த இரண்டிலும் தாயைக் கொல்லும் அளவுதான் உண்டு, கருவை மட்டும் கலைக்கும் அளவு என்று ஒன்று கிடையாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை உள்ளே வைப்பது இன்னொரு கொடுமை. பிறப்புறுப்புச் சுவர் வெந்து புண்ணாகி, அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டும். கலைந்துவிட்டது என்று நினைப்பார்கள், கரு அப்படியே இருக்கும். இப்படி எதையாவது செய்துவிட்டு வந்தால் கேஷுவால்டியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். எங்கே பார்ப்பது, எதைக் கழுவுவது என்பது அதைப் பொறுத்தது.

இனி அரசு ஆஸ்பத்திரி. காசு இல்லை, ரத்த வங்கி உண்டு, தியேட்டர் உண்டு, ஏதாவது ஆனால் அங்கேயே பார்க்கலாம். ஓ.பி. சீட்டு, சிறுநீர்ப் பரிசோதனை, ஹீமோகுளோபின், ரத்த வகை, ஸ்கேன், பிறகு ஒப்புதல் படிவம். 'ஃபார்ம் சி' என்கிற அந்தத் தாளில் 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒரே ஒரு கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து, மாமியார் சம்மதம், கல்யாணப் பத்திரிகை எதையும் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் கேட்கவில்லை. "புருஷன் வரட்டும்மா" என்று திருப்பி அனுப்புவது பழக்கம், விதி அல்ல. "காப்பர் டி போட்டுக்கிட்டாத்தான் கலைப்போம்" என்பதும் அதே ரகம். இந்த இரண்டு வாசகத்துக்காகவே சேவைக்குப் பாதி மதிப்பெண்ணைக் குறைக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை, விதியில் சொன்ன பிரிவினருக்கு, இரண்டு டாக்டர்களின் கருத்தும் போதும். அந்தப் பிரிவில் மணமாகாத பெண்களும் அடங்குவர் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை வெளியே விட்டால் ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. 18க்குக் கீழ் என்றால் காப்பாளர் கையெழுத்து வேண்டும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின்படி போலீசுக்குத் தகவலும் போகும். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

மாத்திரைக்கு நாள் தாண்டியவர்களுக்கு 12 வாரம் வரை எம்.வி.ஏ., அதாவது கையால் இயக்கும் கருவியால் உறிஞ்சி எடுப்பது, செய்வார்கள். கருவி எளிமையானது: ஊசியில்லாத 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச், நுனியில் வால்வு, ஏறக்குறைய எத்தனை வாரமோ அத்தனை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வளையும் குழாய். பிஸ்டனை இழுத்துப் பூட்டினால் உள்ளே வெற்றிடம், வால்வைத் திறந்தால் உறிஞ்சிக்கொள்ளும். கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஊசி, பத்து நிமிட வேலை, சில மணி நேரம் படுத்திருந்து அன்றைக்கே வீடு. ஊரில் "டி அண்ட் சி பண்ணி கழுவி விட்டாங்க" என்கிறார்களே, அது உலோகக் கரண்டியால் சுரண்டும் பழைய முறை. உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. தனியார் கிளினிக்கில் பெரிய பில் போட்டுச் சுரண்டுகிறவர்கள் இன்னும் உண்டு. உறிஞ்சுவதா சுரண்டுவதா என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கூடவே சுவரையும் பார்க்க வேண்டும். கருக்கலைப்புக்கு அங்கீகாரம் பெற்ற இடம் என்ற சான்றிதழோ, மாத்திரை மட்டும் எழுதும் கிளினிக் என்றால் அப்படிப்பட்ட இடத்தோடு தொடர்பு இருப்பதற்கான சான்றிதழோ மாட்டியிருக்க வேண்டும். சித்த மருத்துவர், ஹோமியோபதி டாக்டர், நர்ஸ் யாரும் இதைச் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

எங்கே வாங்கியதாக இருந்தாலும், மிஸோப்ரோஸ்டால் போட்ட பிறகு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு முழுதாக நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் ஆஸ்பத்திரி. 24 மணி நேரம் கழிந்தும் ரத்தமே வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி. காய்ச்சல் ஒரு நாள் தாண்டி 100.4க்கு மேல் நின்றாலோ, நாற்றமுள்ள கசிவு வந்தாலோ ஆஸ்பத்திரி. மற்றபடி முதல் சில மணி நேரம் கட்டி கட்டியாகப் போவதும், அப்புறம் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவதும் சகஜம்.

பதினைந்தாம் நாள் மறுபரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் அந்தத் தேதியை ஓ.பி. சீட்டின் மூலையில் எழுதிக் கொடுப்பார்கள். காக்கிக் கவரில் அது இருக்காது. வீட்டிலேயே கார்டு டெஸ்ட் எடுத்து, இரண்டு கோடு பார்த்துப் பதறி, இரண்டாவது கிட் வாங்கப் போகிறவர்கள் உண்டு. முழுதாகக் கலைந்த பிறகும் ஹார்மோன் மிச்சம் இருப்பதால் மூன்று நான்கு வாரம் வரை கார்டு இரண்டு கோடு காட்டும். அதற்குள் சந்தேகம் வந்தால் ஸ்கேன்தான் பதில், இன்னொரு பெட்டி அல்ல. அடுத்த கருமுட்டையோ பத்து நாளுக்குள்ளேயேகூட வெளியாகிவிடலாம். கருத்தடை பற்றிய பேச்சை மறுபரிசோதனை வரை தள்ளிப்போடாமல் மாத்திரை வாங்கும் அன்றே டாக்டரிடம் முடித்துக்கொள்வது நல்லது.