பி.காம்.: பத்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் படித்தது 2013 முதல் 2016 வரை, கோவைப் பக்கம் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், பின்னால் எந்த ஒட்டும் இல்லாத சாதா பி.காம். அதன் பிறகு திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், இப்போது ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "பையனை பி.காம். சேர்த்தலாமா கண்ணு?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாக என் கணக்கு இது: முதல் செமஸ்டரில் படித்த, ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவு முறைக்கு இன்றுவரை ஒரு கீறல்கூட விழவில்லை. மற்றதில் பாதி காலாவதி ஆகிவிட்டது.

வரிப் பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மறைமுக வரி என்றால் கலால் வரி, சேவை வரி, மத்திய விற்பனை வரி, தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம். வெளிமாநிலக் கொள்முதலுக்குக் குறைந்த வரி பெறத் தருகிற சி ஃபார்ம் எதற்கு, எப்போது தர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோம். படிப்பு முடிந்த அடுத்த வருடமே, 2017 ஜூலை 1 அன்று, ஜி.எஸ்.டி. வந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது. பெட்ரோல், டீசல் போன்ற சில எரிபொருள்களும் குடிக்கிற மதுவும் பழைய வரியிலேயே தங்கிவிட்டன.

சரி, வருமான வரியாவது நிலைக்கும் என்றால் அதுவும் இல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரீவியஸ் இயருக்கும் (வருமானம் வந்த வருடம்) அசெஸ்மென்ட் இயருக்கும் (அதற்கு வரி கணக்கிடும் அடுத்த வருடம்) என்ன வேறுபாடு என்பது எங்கள் முதல் யூனிட்டின் நிரந்தரக் கேள்வி. புதிய சட்டத்தில் இரண்டும் போய் 'டாக்ஸ் இயர்' என்று ஒன்றே ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற 80சி (இன்ஷூரன்ஸ், சேமிப்புக்கான வரிக் கழிவு) இப்போது 123-ஆவது பிரிவு. 2025-26 வருமானத்துக்கு ரிட்டர்ன் போடப் பழைய சட்டம், நடப்பு மாதச் சம்பளத்துக்கு டி.டி.எஸ். பிடிக்கப் புதிய சட்டம் என்று இந்த வருடம் எல்லா ஆபீஸ்களிலும் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலை.

இதற்காகப் பட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பிரிவு எண்கள் போனாலும், சம்பளம், வீட்டு வாடகை, தொழில், மூலதன ஆதாயம், இதர வருமானம் என்று ஐந்து தலைப்பாகப் பிரித்துப் போடுகிற முறை அப்படியேதான் இருக்கிறது. அந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் புதிய சட்டத்தைப் படிக்க இரண்டு வாரம் போதும். சட்டமே படிக்காத இன்ஜினியரிங் நண்பர்கள் முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறார்கள்.

என் உண்மையான குறை வேறு. பரீட்சையில் எதற்கு அதிக மார்க்கோ அதற்கு வேலையில் மதிப்பில்லை. எதை ஐந்து மார்க் கேள்வி என்று ஒதுக்கினார்களோ அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கன்சைன்மென்ட், ஜாயின்ட் வென்ச்சர், ராயல்டி, கூட்டாளி ஒருவர் திவாலானால் கார்னர்–மர்ரி தீர்ப்பின்படி நட்டத்தை எப்படிப் பிரிப்பது என்று நீள நீளமாகச் சம் போட்டோம். அந்தத் தீர்ப்பு நூறாண்டு தாண்டிய இங்கிலாந்து வழக்கு. அதைப் பயன்படுத்த வேண்டிய நிலைமை திருப்பூரில் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இங்கே கூட்டாளிகள் பிரிந்தால் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் பேசி முடிப்பார்கள். ஆடிட்டருக்குத் தகவல் அப்புறம்தான் வரும்.

ஆனால் நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பார்க்கிற பேங்க் ரீகன்சிலியேஷன்? அதுதான் தினசரிச் சோறு. பாடப் புத்தகத்தில், நாம் கொடுத்து இன்னும் பணமாகாத செக், பேங்க் பிடித்த கமிஷன், நேராக வரவான வட்டி என்று நாலைந்து வரி கொடுத்து முடித்துவிடுவார்கள். இன்று நடுத்தரக் கம்பெனியின் பேங்க் ஸ்டேட்மென்ட் ஒரு மாதத்துக்கே பல பக்கம் ஓடும். பாதி யு.பி.ஐ. வரவு, யார் அனுப்பியது என்று பெயர்கூடப் புரியாது. டையிங்காரருக்குப் போன பணம் நிட்டிங்காரர் லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும். இதைப் பிரித்து எடுக்கத் தேவையான மூளை அந்தச் சின்னப் பாடத்தில் கிடைத்ததுதான். ஜி.எஸ்.டி.யில் நம் பர்ச்சேஸ் பதிவையும் போர்ட்டல் மாதம் 14-ஆம் தேதி தருகிற 2பி அறிக்கையையும் (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) ஒப்பிடுவதும் இதே வேலைதான். சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்லுக்கு 2022 ஜனவரி முதல் நமக்கு இன்புட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. எனவே யார் விட்டார் என்று தேடிப் பிடிப்பதில்தான் பணம் இருக்கிறது.

தவறுகளைத் திருத்தும் பாடமும் அப்படியே. மெஷின் ரிப்பேர் செலவை மெஷின் கணக்கிலேயே ஏற்றிவிட்டால் அது கொள்கைப் பிழை, டிரையல் பேலன்ஸில் (பற்று, வரவு மொத்தம் சமமா என்று பார்க்கும் பட்டியல்) தெரியாது என்று ஒரு வரி படித்திருப்போம். இன்றைக்கு டேலி மென்பொருளில் எந்த என்ட்ரி போட்டாலும் இரண்டு பக்கமும் தானாகச் சமமாகிவிடும். அதனால் சமமாகாத டிரையல் பேலன்ஸ் என்பதே அபூர்வம். மிஞ்சுவது இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத பிழைகள் மட்டும்தான்.

தேய்மானம் இன்னொரு வேடிக்கை. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கில் ஒரு முறை, வருமான வரித் தாளில் வேறொரு முறை என்று தனித்தனியாக நடத்தினார்கள். கம்பெனிச் சட்டம் பயன்பாட்டு ஆயுளைப் பார்க்கும். வருமான வரியில் சொத்துகளைத் தொகுதியாகச் சேர்த்து மெஷினுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி. ஒரே மெஷினுக்கு ஒரே வருடத்தில் இரண்டு தேய்மானம் போட வேண்டும், அந்த வித்தியாசத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மூன்று வருடத்தில் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. வேலைக்குப் போன முதல் மார்ச்சில் சீனியர் அண்ணன் ஒருவர் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்.

சொல்லித்தராததும் நிறைய. நிஜமான பில் ஒன்றை நாங்கள் கையில் தொட்டதில்லை. சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் தராவிட்டால், கொடுத்த வருடத்தில்தான் அது செலவாகக் கழியும் என்ற விதி வந்தபோது திருப்பூரே ஆடிப்போனது. அடிப்படையான எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் 2006-ஆம் ஆண்டு வந்தது. நான் படித்த சிலபஸில் அதற்கு இடமில்லை. டேலியை வெளியே ஒரு சென்டரில் போய்க் கற்றேன். எஃப்5 பேமென்ட், எஃப்7 ஜர்னல் என்பதெல்லாம் ஒரு வாரச் சங்கதி. எந்த லெட்ஜருக்குப் பற்று, எதற்கு வரவு என்று தெரியாமல் கீயை மட்டும் பழகி வருகிறவர்கள் முதல் சிக்கலான என்ட்ரியில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். பட்டத்தின் மதிப்பு அங்கே தெரிகிறது.

எதிர்பாராத லாபம் ஒன்று வீட்டுக் கணக்கில் கிடைத்தது. மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கில் இன்றைய மதிப்பு, உள்ளக வருவாய் விகிதம் (போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஈட்டுகிறது) என்று மெஷின் வாங்குவதைப் பற்றித்தான் சம் வரும். அதையே எங்கள் பெரியப்பா போட்டிருந்த, இன்ஷூரன்ஸும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசிக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டிய பிரீமியத்தையும் கடைசியில் வரும் தொகையையும் எக்செலில் வைத்தால் வருடத்துக்கு ஐந்தாறு சதவீதத்தைத் தாண்டவில்லை. "வரி மிச்சமாகுதே" என்றார். புதிய வரி முறையில் (நியூ ரெஜிம்) இருக்கிற சம்பளக்காரருக்கு அந்த 80சி கழிவே கிடையாது, அதுவும் 12 லட்சம் வரை வரியே வராதபோது எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் விளக்கினேன். நிதித் திட்டமிடல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு பி.காம். இந்த அளவுக்குத்தான் உதவும். மியூச்சுவல் ஃபண்ட் விற்க வேண்டுமானால் என்.ஐ.எஸ்.எம். தேர்வு எழுத வேண்டும். ஆலோசகராக வேண்டுமானால் அதற்குத் தனித் தேர்வு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் தனிப் பதிவு.

சேர்க்கையில் ஒரு எச்சரிக்கை. போர்டில் பி.காம். (சி.ஏ.) என்று இருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். மூன்று வருடத்தில் மகள் ஆடிட்டராகிவிடுவாள் என்று நம்பிச் சேர்த்த அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். நிஜ சி.ஏ.வுக்கு (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) பட்டத்தோடு போவதானால், வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் இருந்தால் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு 60. ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆகவே முதல் செமஸ்டரிலிருந்தே அந்த 55-ஐ மனதில் வைத்துப் படிப்பது நல்லது. 'பாஸ் ஆனால் போதும்' என்று 40-ஐப் பிடித்துக்கொண்டு ஓட்டியவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள். இதைத் தவிர, ஃபைனான்ஸ், பேங்க் மேனேஜ்மென்ட் என்று அடைப்புக்குறிக்குள் என்ன இருந்தாலும் எங்கள் ஊரில் வேலைக்கு எடுக்கிறவர்கள் அதைப் படிப்பதே இல்லை. அதற்காகக் கூடுதல் ஃபீஸ் கேட்டால் யோசியுங்கள்.

இப்போது இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் சீனியரிடமிருந்து வருமான வரிப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கும் முன், பல்கலைக்கழகம் எந்தச் சட்டத்தில் கேள்வி கேட்கப்போகிறது என்று துறையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்ட் அக்கவுண்டிங், கம்பெனிக் கணக்குப் புத்தகங்களைத் தாராளமாகப் பழசாகவே வாங்கலாம்.