புரூப் பார்த்த கண்ணுக்கு ஓர் இடம்: தமிழ் விக்கிமூலம்

ஈய எழுத்து கோத்தவர்களையும் அச்சுப்பிழை திருத்த புரூப் பார்த்தவர்களையும் டி.டி.பி. என்ற கணினி அச்சுக்கோப்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலை போனாலும் கண் போகவில்லை. சுவரொட்டியில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தால் பஸ்ஸில் போகும்போதே உறுத்தும். அந்தக் கண்ணுக்குத் தகுந்த இடம் தமிழ் விக்கிமூலம், பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கிச் சேர்க்கும் இணையதளம். சம்பளம் கிடையாது. வருமானம் வேண்டும் என்றால் முதலில் அதைப் பாருங்கள். இதற்குத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நாட்டுடைமை நூல்களும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களும் இங்கே ஸ்கேன் படமாக இருக்கின்றன. பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் படம், மறுபுறம் ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) எடுத்துத் தந்த எழுத்து. படத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்திச் சேமிக்க வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் பார்த்தது பச்சை. தான் மஞ்சளாக்கியதைத் தானே பச்சையாக்க முடியாது. முதல் புரூப் பார்த்தவரே கடைசிப் புரூப்பும் பார்க்கக் கூடாது என்ற பழைய அச்சக ஒழுங்கு அப்படியே இருக்கிறது. கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால்தான் நிறத்தை மாற்ற முடியும்.

ஓ.சி.ஆர். செய்யும் பிழைகளில் மோசமானது கண்ணுக்கே தெரியாதது. 'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைத்துவிடும்: 'அவா்'. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. துணைக்கால்மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது. ஆகவே அதைத் தேடி மொத்தமாக மாற்றலாம். 'கௌரவம்' என்பதன் ஔகாரக் குறி கொம்பும் ளகரமுமாகப் பிரிந்து 'கெளரவம்' ஆகிவிடுவதை மட்டும் மொத்தமாக மாற்றாதீர்கள். கெளுத்தி மீனில் வருவது உண்மையான ளகரம், சொல்லே உடைந்துபோகும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். பழைய பாட்டுப் புத்தகம் என்றால் ௧, ௨ என்ற எண்கள் க, உ என்று மாறியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களிலும் ஓ.சி.ஆர். தடுக்கி விழும். கம்போசிங் செய்தவர்களுக்கு அவை கேஸில் (ஈய எழுத்துப் பெட்டியில்) எந்த அறையில் கிடந்தன என்பதுகூட மனப்பாடம்.

அனுபவசாலிகள் தவறுவது வேறு இடத்தில். சந்தி விட்டிருந்தால் கை தானாகப் போட்டுவிடும். இங்கே அது பிழை. மூலத்தில் அச்சானபடியே இருக்க வேண்டும். மூலப்படியைப் பார்த்து அப்படியே கோக்கிற புத்திதான் வேண்டும், எடிட்டர் புத்தி வேண்டாம். வரி முடிவில் பிரிந்த சொல்லைச் சேர்த்துவிடுங்கள். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் உரைக்குள் கிடந்தால் மேலே உள்ள தலைப்புப் பெட்டிக்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் நூலைத் தொகுக்கும்போது பத்தியின் நடுவே வந்து நிற்கும்.

கைபேசி இதற்கு ஆகாது. படமும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் தெரியக் கணினித் திரை வேண்டும். டைப்ரைட்டிங் பழகியவர்கள் கொம்பை முதலில் அடிப்பார்கள். கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், கொம்பு பிறகு. தட்டச்சு முறைக்கான மென்பொருள் அதை மாற்றித் தந்துவிடும். புதிதாகப் பழகத் துணிந்தால் தமிழ்99 விசைப்பலகை நல்லது. ஸ்கேன் தெளிவாக உள்ள ஓர் உரைநடைப் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அட்டவணையோ அடிக்குறிப்போ வந்தால் அன்றைய வேளை முழுக்க ஓடிவிடும், ஆரம்பத்தில் தொடாதீர்கள்.

அச்சான புத்தகத்தில் புரூப் பார்த்தவர் பெயர் எங்கே இருந்தது? இங்கே ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் யார், எந்த நாளில், எந்த எழுத்தைத் திருத்தினார் என்பது பதிவாகி நிற்கிறது. பேரப்பிள்ளை ஒருநாள் திறந்து பார்க்கலாம். உழைப்பை யாரும் எடுத்து அச்சிட்டு விற்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள், உரிமம் அப்படித்தான்.

பெரிய குறை, பச்சையாக்க ஆள் போதாது. மஞ்சளிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பக்கங்கள் உண்டு. எல்லாப் பக்கமும் முடிந்தாலும், யாராவது அவற்றை ஒரே நூலாகத் தொகுத்தால்தான் வாசகர் மின்னூலாக இறக்க முடியும். தொகுக்கத் தெரியாவிட்டால் ஆலமரத்தடி என்ற பேச்சுப் பக்கத்தில் நூலின் பெயரைக் குறிப்பிட்டு உதவி கேளுங்கள்.