கருப்புக் கவுனி அரிசி: சர்க்கரை உள்ள வீட்டில் சமைத்துப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அரிசி நல்ல அரிசிதான். ஆனால் பாக்கெட்டின் மேல் 'சர்க்கரை நோய்க்குத் தீர்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சர்க்கரை இருக்கிறது, எடையும் கூடுதல், மாத்திரையில் இருக்கிறார். அவருக்காகத்தான் காரைக்குடியில் ஒரு கடையில் வாங்கினோம். கிலோ 200 ரூபாய்க்குப் பக்கம், வழக்கமாக வாங்கும் பொன்னியைவிடப் பல மடங்கு. மாதக்கணக்கில் சமைத்து, சாப்பாட்டுக்கு முன்னாலும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பார்த்து வருகிறோம். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கவுனி நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் புதிது இல்லை. கொண்டு விற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். விசேஷ வீட்டில் கவுனி அரிசி என்றாலே சீனி, தேங்காய்ப்பூ, நெய் எல்லாம் போட்டுக் கிளறிய இனிப்புதான், சோறாக வடித்துச் சாப்பிட்டது யாருக்கும் நினைவிருக்காது. இப்போது திடீரென்று அதே அரிசி மருந்தாகிவிட்டது, அதுதான் எனக்கு இடிக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எந்த அரிசியானாலும் 100 கிராமில் ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்துதான், கவுனியும் அதற்கு விலக்கு இல்லை. தவிடு நீக்காமல் இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், அந்தக் கருநிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் இருக்கிறது, மென்று மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் கொஞ்சத்திலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் மாவுச்சத்து வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகத்தான் ஆகும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. விசேஷத்துக்குச் செய்வது போலச் சீனி, நெய்யோடு ஒரு கிண்ணம் சாப்பிட்ட அன்று அப்பச்சிக்கு ரத்தச் சர்க்கரை 250ஐத் தாண்டிவிட்டது. அதே அரிசியை உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, ஒரு சின்னக் கரண்டி சோறு, அதற்கு இரண்டு பங்கு அவரைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய் மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் புளிக்குழம்பு), ஒரு முட்டை, காயை முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு என்று வைத்தபோது 160 பக்கம் நின்றது (சாப்பிட்ட பிறகு 180க்குள் இருந்தால் நல்லது என்பதுதான் பொதுவான இலக்கு). சரி, கவுனிதான் காரணமா என்று பார்க்க, அதே சின்னக் கரண்டி அளவு பொன்னிச் சோறு, அதே காய், அதே முட்டை வைத்தோம். 175. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 250க்கும் 160க்கும் நடுவே உள்ள இறக்கத்தில் பெரும்பங்கு அளவு குறைந்ததாலும் சீனி போனதாலும் காய் கூடியதாலும் வந்தது. அரிசியின் நிறத்துக்கு அதில் கொஞ்சப் பங்குதான்.

சமையல் விஷயம். இரவே கழுவி ஊறப்போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வேகவே வேகாது. ஒன்றுக்கு மூன்று, மூன்றரை பங்கு தண்ணீர், குக்கரில் ஏழெட்டு விசில் வந்த பிறகும் சிம்மில் கால் மணி நேரம். ஊறிய தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும், சாயம் என்று பயந்து கொட்டிவிடாமல் அதிலேயே வேகவையுங்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தனியே எடுத்து எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாக மாறும், அது அந்தோசயனினின் குணம். சோறு ஒட்டும் பதத்தில்தான் வரும், சாம்பாருக்குச் சேராது, மண்டிக்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்கும் அருமையாகப் பிடிக்கிறது.

அதே கடைகளில் 'கவுனிக் கஞ்சி மிக்ஸ்' என்று ஒரு பொடி விற்கிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அரிசியை மாவாக அரைத்துவிட்டால் செரிமானம் வேகமாகிவிடும், சர்க்கரையும் வேகமாக ஏறும், முழு அரிசியில் இருக்கிற கொஞ்ச நன்மையும் அங்கேயே போய்விடுகிறது. சிலவற்றில் நாட்டுச்சர்க்கரை வேறு கலந்திருக்கிறது. நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ சீனியைப் போலவே ஏற்றும், தயவுசெய்து பெரியவர்களுக்கு அதைச் 'சத்து' என்று கொடுக்காதீர்கள்.

அப்பச்சிக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.4லிருந்து 7.1க்கு இறங்கியிருக்கிறது, எடையும் குறைந்தது. அந்தப் பெருமையைப் பாக்கெட்டுக்குக் கொடுக்க மாட்டேன். மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் நடக்கிறார், வெயில் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வளவை (உள்முற்றத்தை) சுற்றி நடக்கிறார். நடக்கும்போது தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, அதனால் சாப்பிட்டவுடன் நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு. எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017இல் பிரிட்டனில் வெளியான டைரெக்ட் ஆய்வைச் சொல்லலாம். சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை இயல்பு அளவுக்குப் பக்கம் வந்தது. அவர்கள் எந்த அதிசய அரிசியும் சாப்பிடவில்லை, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவுக்குள் இருந்தார்கள்.

இன்னொன்று, இது முக்கியம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையைக் குத்திப் பார்க்க வேண்டும். அளவைக் குறைக்கும் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி மாத்திரையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வாங்குவதாக இருந்தால் அரைக் கிலோ போதும். தவிடோடு இருப்பதால் நாளானால் காறல் வாடை அடிக்கும், வண்டும் வரும். எங்களுக்கு ஒரு பாக்கெட் அப்படி வந்தது, பேக் செய்த தேதியே அதில் இல்லை. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கிற கடையில் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள், விலையும் குறைகிறது. மாதச் செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வீடு என்றால் இதற்காகக் கஷ்டப்பட வேண்டாம், அந்தப் பணத்துக்கு அவரைக்காயும் முட்டையும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் வாங்குங்கள், பொன்னியையே சின்னக் கரண்டியில் போடுங்கள்.