நம்ம ஊர்ப் பேச்சை நம்பி 38,500 ரூபாய் போச்சு, பேக்கேமன் ஆடுகிறவர்கள் படித்துவிடுங்கள்

சனிக்கிழமை ராத்திரி போன பணம். இன்று செவ்வாய். ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை, போட்டாலும் அடுத்த வாரம் வேறு பெயரில் வருவார்கள். பணம் வைத்து பேக்கேமன் (தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம்) ஆடும் ஆப், ப்ளே ஸ்டோரில் கிடையாது, மெசேஜில் லிங்க் அனுப்பி இறக்கச் சொல்வார்கள். அவ்வளவு அடையாளம் போதும்.

நான் திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு துருக்கி பையருடைய ஆள் தரம் பார்க்க வந்து இரண்டு வாரம் இங்கேயே இருந்தார். சாயங்காலம் மரப்பலகையை விரித்து அவர்தான் எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார், அவர்கள் ஊரில் இதற்கு தவ்லா என்று பெயர். ஆளுக்கு 15 காய், 24 வீடு, இரண்டு தாயக்கட்டை, தன் காய் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுப்பவர் ஜெயித்தவர். ஆறும் ஐந்தும் விழுந்தால் 'ஷேஷ் பேஷ்' என்று சத்தமாகச் சொல்லிக் காயைப் பலகையில் டொக்கென்று வைப்பார். அம்மிச்சி வீட்டுத் திண்ணையில் தாயம் உருட்டி வளர்ந்தவனுக்கு இது உடனே பிடித்துப்போனது. ஆனால் அவர் ஆடிய ஆட்டத்தில் டபுளிங் க்யூப், அதாவது ஆட்டத்தின் நடுவே பந்தயத்தை 2, 4, 8 என்று இரண்டு மடங்காக ஏற்றிக்கொண்டே போகும் கட்டை, கிடையாது. ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரு பாயிண்ட், எதிராளி ஒரு காய்கூட வெளியே எடுக்காமல் தோற்றால் (அதுதான் கேம்மன்) இரண்டு, ஐந்து வந்தால் முடிந்தது. எனக்குத் தெரிந்த பேக்கேமன் அவ்வளவுதான்.

ஆப்பில் முதல் வாரம் 5,000 போட்டு, பாயிண்டுக்கு 50 ரூபாய் வைத்து ஆடினேன். அப்போதே ஒரு ஆட்டத்தில் எதிராளி ஒரு காயும் எடுக்கவில்லை, எனக்கு 100 வர வேண்டும், 50தான் வந்தது. அந்த ஆப்காரர்களின் குரூப்பில் கேட்டேன். உடனே அட்மின் போன் பண்ணினார். "ஏனுங்க, அது ஜேக்கபி ரூலுங்க. க்யூப் ஒருதடவையாவது திரும்பியிருந்தாத்தான் கேம்மனுக்கு ரெண்டு மடங்குங்க, இல்லைன்னா ஒண்ணுதானுங்க. நீங்க எந்தப் பக்கமுங்க? நாங்க பெருந்துறைப் பக்கமுங்க, நம்மளுக்குள்ள ஏமாத்த முடியுமாங்க?" அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். அத்தனை 'ங்க' போட்டு, பொறுமையாக, என் மாமன் மகன் பேசுவதுபோலப் பேசினார். சொன்ன ரூலும் பொய் இல்லை, பின்னால் தேடிப் பார்த்தேன், பண ஆட்டத்தில் நிஜமாகவே இருக்கும் ரூல்தான். அன்றைக்கே ஜெயித்த 1,800ஐ எடுத்தேன், பத்து நிமிடத்தில் அக்கவுண்டில் வந்துவிட்டது. அதற்கப்புறம் சந்தேகம் எங்கே வரும்?

ஓவர்லாக் மெஷின் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தை, அந்த முதல் 5,000ஐயும் சேர்த்து, மூன்று தவணையாக உள்ளே போட்டேன். மொத்தம் 38,500. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயருக்கு யூபிஐ போனது, ஒருதடவை யாரோ ஒரு பெண் பெயர், இன்னொரு தடவை மளிகைக் கடைப் பெயர். அதைப் பார்த்தும் அனுப்பினேன்.

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்து, ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். 'பெரிய ரூம்' என்று அட்மின் சேர்த்துவிட்டார், பாயிண்டுக்கு 500. மனதில் என்ன கணக்கு? தோற்றால் 500, மோசமாகத் தோற்றால் 1,000. இதுதான் நான் செய்த தப்பு, இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

முதல் உருட்டலில் இருவருக்கும் நான்கு விழுந்தது. க்யூப் தானாக 2க்குப் போனது, ஆட்டோமேட்டிக் டபுளாம். திரையின் மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு குறி, அதுதான் அறிவிப்பு. கொஞ்ச நேரத்தில் எதிராளி டபுள் சொன்னான், 4. ஒத்துக்கொண்டு ஆட வேண்டும், இல்லையென்றால் அதுவரை உள்ள பந்தயத்தைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். நாலில் ஒரு பங்கு ஜெயிக்க வாய்ப்பு இருந்தால் எடுத்து ஆடலாம் என்று அட்மின் சொல்லிக் கொடுத்திருந்தார், அந்தக் கணக்கும் சரிதான், எடுத்தேன். அப்புறம் என் கை ஓங்கியது, நான் டபுள் சொன்னேன், 8. உடனே திரையில் 'பீவர்' என்று வந்தது. அதாவது அவன் அந்த நிமிடமே அதை 16 ஆக்கிவிட்டு க்யூபையும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். நான் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 8 பாயிண்டைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். யோசிக்க 12 விநாடி. 4,000 ரூபாயை எப்படி விடுவது என்று ஒத்துக்கொண்டேன். என் இரண்டு காய் வெட்டுப்பட்டு நடுக்கோட்டில் உட்கார்ந்தது, அவன் ஆறு வீட்டையும் அடைத்துவிட்டான், நான் ஒரு காய்கூட எடுப்பதற்குள் 15ஐயும் எடுத்து முடித்தான். 16 இரண்டு மடங்காகி 32 பாயிண்ட். ஒரே ஆட்டத்தில் 16,000 ரூபாய். என் கேம்மனுக்கு ஒன்று, அவன் கேம்மனுக்கு இரண்டு, அதே ஜேக்கபி ரூல்.

சரி, தோற்றது தோற்றதுதான், மீதி 22,500ஐயாவது எடுத்துவிடலாம் என்று கேட்டேன். இங்கேதான் முழுத் திருட்டு. ஞாயிற்றுக்கிழமை: "சர்வர் வேலை நடக்குதுங்க." திங்கள் காலை: கேஒய்சி பாக்கி. ஆதார், பான் இரண்டும் முதல் நாளே வாங்கியாயிற்று. திங்கள் சாயங்காலம்: வரியாக 6,750 கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும். வரி என்பது ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம், அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், முன்கூட்டி யாரும் வாங்குவதில்லை. நான் 16,000 தோற்றவன், எனக்கு எதற்கு வரி? இதைக் கேட்டதும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு மெசேஜ். அந்த 'ங்க' எல்லாம் எங்கே போனது? இன்று காலை குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள், போன் சுவிட்ச் ஆஃப். மொத்தம் 38,500.

தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். பந்தயத்தில் தோற்றதை 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி கோர்ட்டில் கேட்க முடியாது என்றார். திறமை ஆட்டமானாலும் சரி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தவே கூடாது என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் உறைத்தது. ஏமாற்றி வாங்கி வைத்துக்கொண்டதற்கு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள் என்றார்.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், முடியவில்லை. லிங்க்கில் வரும் ஆப்பை இறக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு பெயருக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் திருப்பித் தருகிற சின்னத் தொகையை நம்பாதீர்கள். வீட்டில் நண்பர்களோடு டீக்கு ஆடினாலும் க்யூப் உண்டா, பீவர் உண்டா, அதிகபட்சம் எத்தனை பாயிண்ட் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பணம் போன உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் போகிற வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறதாம். நான் மூன்று நாள் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிவிட்டேன். யூபிஐ ரசீது மூன்றையும் பிரிண்ட் எடுத்தாயிற்று, நாளை காலை பேங்க் போகிறேன். மெஷின்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், இன்னும் எடுக்கவில்லை.