ஸ்கைரிம்: கடைக்காரர் தலையில் கூடை கவிழ்த்த கதை

ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேம் வெளிவந்தது 2011 நவம்பர் 11. நான் வாங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து, தள்ளுபடியில். இதுவரை மூன்று கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன், இந்த கேமை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. மெயின் கதையை முடித்ததென்னவோ ஒரே ஒரு தடவைதான்.

முதலில் நினைவுக்கு வருவது ராட்சதன். வைட்ரன் நகருக்கு வெளியே மாமத் என்ற ரோம யானைகளை மேய்த்துக்கொண்டு சிவனே என்று நின்றவனை வலியப் போய் வம்புக்கு இழுத்தேன். தடியால் ஒரே போடு. என் ஆள் தரையில் விழவில்லை, நேராக மேகத்துக்குள் போய்விட்டான். அடுத்த பத்து நிமிஷம் லோட் பண்ணுவதும் அடி வாங்குவதுமாகவே போனது.

இந்த கேமின் ருசியே விதிகளில்தான். மொத்தம் 18 திறமைகள், எதைச் செய்கிறோமோ அதுதான் வளரும். ஆரம்பத்தில் இரும்புக் குத்துவாளாக அடித்துத் தள்ளியே பெரிய கொல்லன் ஆகிவிடலாம். பிறகு கேமைத் திருத்த வந்த பேட்ச், பொருளின் விலைக்கு ஏற்பத்தான் திறமை ஏறும் என்று மாற்றியது. கடைக்காரர் கண்ணுக்கும் நமக்கும் நடுவில் தடை இருந்தால் அவருக்கு நாம் தெரிய மாட்டோம். அதனால் அவர் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கடையையே சுருட்டலாம். இதை பக், அதாவது புரோகிராம் பிழை, என்று சொல்ல எனக்கு மனமில்லை. விதி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, கூடைக்கு என்று தனிச் சட்டம் எழுத யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தேனீ கதையும் இதே ரகம். தொடக்கத்தில் நம்மைக் கைதியாக ஏற்றிவரும் வண்டி, உருவாக்கும்போது திடீர் திடீரென்று வானத்தில் பறந்ததாம். தேனீயைப் பிடிக்க வசதியாக அதற்கு மோதும் தன்மை கொடுத்ததில், அது அசைக்க முடியாத பாறை மாதிரி ஆகிவிட்டது. வண்டி அதில் இடித்ததும் எகிறியது. கேமை உருவாக்கிய குழுவில் இருந்த ஒருவரே 2021ல் சொன்னது இது.

எல்லாக் கிளிட்சும் இப்படிச் சுகமில்லை. ரெஸ்டோரேஷன் என்ற குணப்படுத்தும் மந்திரத் திறனைக் கூட்டும் மருந்தைக் குடித்து, மருந்து காய்ச்சும் திறன் ஏற்றிய மோதிரத்தைக் கழற்றி மாட்டினால் மோதிரத்தின் பலன் கூடும். அதை வைத்து இன்னும் வீரியமான மருந்து, மறுபடி மோதிரம். அரை மணி நேரத்தில் என் கத்தியின் சேதம் லட்சத்தைத் தாண்டியது. டிராகன் கொசு மாதிரி செத்தது. மறுநாளே அந்த சேவ் ஃபைலை மூடிவிட்டேன், சப்பென்று போய்விட்டது. குவெஸ்டை, அதாவது கேம் நமக்குத் தரும் பணியை, நடுவழியில் அடைத்துவிடும் பக்குகளையும் நான் கொண்டாட மாட்டேன். விண்ட்ஹெல்ம் நகரத்துக் கொலை விசாரணை அதற்குப் பேர்போனது.

ரசிகர்களே எழுதி கேமில் சேர்க்கத் தரும் திருத்தம், அதாவது மோட், அந்த மருந்துச் சுழற்சியை அடைத்துவிட்டது. குவெஸ்டுகளுக்காகவே அதை வைத்திருக்கிறேன். நல்லவேளையாக, குதிரை விஷயம் அப்படியே இருக்கிறது.

ஹை ஹ்ரோத்கர் மடத்துக்கு ஏழாயிரம் படி என்று பெயர். படி வழியாக ஒழுங்காக ஏறியது ஒரே ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் மலைக்குப் பின்பக்கம் போய், குதிரையின் மூக்கைச் செங்குத்துப் பாறையில் முட்டவைத்து முன்னே தள்ளிக்கொண்டே இருப்பேன். பல்லி மாதிரி ஏறிவிடும். எந்த வழியாக வந்தாய் என்று அந்தச் சாமியார்கள் இதுவரை கேட்டதில்லை.