நம் மாட்யூலை நாமே எழுதலாம்: லேப் நிர்வாகத்தில் ஆன்சிபிள்

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி லேப்களைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. இருநூறுக்கு மேற்பட்ட சிஸ்டம்கள், எல்லாம் உபுண்டு. செமஸ்டர் தொடங்கினால் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு பட்டியல் வந்துவிடும். ஒருவருக்கு ஜாவாவின் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும், இன்னொருவருக்கு ஆக்டேவ், தமிழ் மன்றத்துக்குத் தமிழ்99 விசைப்பலகை. இதையெல்லாம் சில வருடங்களாக, பல சிஸ்டம்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க உதவும் ஆன்சிபிள் என்ற கருவியை வைத்துத்தான் செய்கிறேன். பேக்கேஜ் நிறுவ அது நல்ல கருவி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. நமக்குத் தேவையான மாட்யூலை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரலை, நாமே எழுதிச் சேர்ப்பது அதில் அவ்வளவு எளிது.

மைக்கேல் டிஹான் 2012-ல் வெளியிட்ட கருவி இது. 2015-ல் ரெட் ஹாட் வாங்கியது. அதற்கு முன்பே இருந்த பப்பெட், செஃப் போன்றவற்றை வழக்கமான முறையில் பயன்படுத்த, ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஏஜெண்ட் என்ற துணை நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆன்சிபிளுக்கு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பும் அந்தப் பக்கம் பைத்தானும் இருந்தால் போதும். லேபில் இது பெரிய விஷயம். ஹார்ட் டிஸ்க் போய்ப் புதிதாக உபுண்டு ஏற்றிய சிஸ்டத்தில் எஸ்எஸ்எச் சாவியை வைத்தவுடனே பிளேபுக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்ட கோப்பை, ஓட்டிவிடலாம்.

உள்ளே நடப்பதும் சிக்கலானதல்ல. மாட்யூல் என்பது பெரும்பாலும் ஒரு பைத்தான் நிரல். ஆன்சிபிள் அதை எதிர்முனைக்கு அனுப்பி ஓட்டும், விடையை ஜேசான் என்ற தரவு வடிவில் வாங்கிக்கொள்ளும், அனுப்பியதை அழித்துவிடும். நல்ல மாட்யூல் முதலில் இப்போதைய நிலையைப் பார்க்கும். ஏற்கெனவே சரியாக இருந்தால் எதையும் தொடாமல் 'ஓகே' என்று சொல்லும். மாற்றியிருந்தால் மட்டும் 'சேஞ்ச்டு' என்று சொல்லும்.

எங்கள் லேபில் தேர்வு நேரத்தில் சிஸ்டத்தைப் பூட்டி வைக்க, வெளியில் வாங்கிய ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் அமைப்புகளை அதற்கென்று உள்ள கட்டளையால் மட்டுமே மாற்ற முடியும். மாற்றம் நடக்காமல் போனாலும் அந்தக் கட்டளை வெற்றி என்றே சொல்லிவிட்டு முடியும். கட்டளையை அப்படியே ஓட்டும் ஷெல் மாட்யூல் வழியாக அதை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் எல்லா சிஸ்டத்திலும் 'சேஞ்ச்டு' என்று மஞ்சளாக வரும். எந்த சிஸ்டத்தில் உண்மையிலேயே மாறியது, எதில் மாறவே இல்லை என்று கண்டுபிடிக்க வழியில்லை. எப்போது மாறியதாகக் கொள்வது என்று சொல்லும் 'சேஞ்ச்டு வென்' நிபந்தனையைப் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஒரு வேலைக்கு பிளேபுக்கில் மூன்று டாஸ்க் (தனித்தனிப் படிகள்) எழுத வேண்டியிருக்கும்.

அதற்குத்தான் சொந்த மாட்யூல் எழுதினேன். பிளேபுக் இருக்கும் இடத்திலேயே 'லைப்ரரி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு பைத்தான் கோப்பு. நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. 'ஆன்சிபிள்மாட்யூல்' என்ற கிளாஸை இறக்குமதி செய்து, என்னென்ன விவரங்கள் வேண்டும், எது கட்டாயம், எந்த மதிப்புகள் செல்லும் என்று சொல்லிவிட்டால் சரிபார்ப்பதை அதுவே பார்த்துக்கொள்கிறது. நாம் எழுத வேண்டியது நம் வேலையை மட்டும். என் மாட்யூல் முதலில் இப்போதைய அமைப்பைப் படிக்கும். கேட்டதும் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளும். வேறாக இருந்தால் மாற்றும், மாற்றிய பிறகு திரும்பவும் படித்துப் பார்க்கும். அப்போதும் பொருந்தவில்லை என்றால் தோல்வி என்று அறிவிக்கும். கட்டளை தரும் பொய்யான வெற்றி இந்த இரண்டாவது வாசிப்பில் பிடிபட்டுவிடுகிறது.

செக் மோடு என்பது எதையும் மாற்றாமல், மாற்ற வேண்டியிருக்குமா என்று மட்டும் பார்ப்பது. மாட்யூலில் அதற்கும் இடம் கொடுத்துவிடுங்கள், சில வரிகள்தான் கூடும். பழைய நிலையையும் புதிய நிலையையும் 'டிஃப்' என்ற பெயரில் திருப்பி அனுப்பினால் திரையில் அழகாகக் காட்டும். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை செக் மோடில் ஒருமுறை ஓட்டுகிறேன். எந்த இருக்கையில் எந்த அமைப்பு பிசகியிருக்கிறது என்பது பெயரோடு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் இதற்காக லேப் உதவியாளர்கள் ஒவ்வொரு சிஸ்டமாகப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

மாட்யூலின் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். 'ஆன்சிபிள்-டாக்' கட்டளையில் அது ஒழுங்காகத் தெரிகிறது. எனக்குப் பின் வருபவருக்கு உதவும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மாட்யூல் எதிர்முனை சிஸ்டத்தில் ஓடும். தரவை மாற்றித் தரும் ஃபில்டர், வெளியிலிருந்து தரவை எடுத்து வரும் லுக்கப் போன்றவை நம் சிஸ்டத்தில் ஓடும். அதனால் மாட்யூலுக்குள் பைத்தானோடு கூடவே வரும் நூலகங்களை மட்டும் பயன்படுத்துவது நல்லது. ஃபில்டரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. லேப் எண்ணும் இருக்கை எண்ணும் கொடுத்தால் ஐபி முகவரியைக் கணக்கிட்டுத் தரும் ஒரு சின்ன ஃபில்டரும் எழுதியிருக்கிறேன். ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் மொழியில் கண்ணைக் கட்டிய நீளமான வரி ஒன்று அதோடு போயிற்று.

குறைகளும் உண்டு. முதலாவது வேகம். எதையும் மாற்றாமல் விட்டால் ஒரே நேரத்தில் 5 சிஸ்டம்களில்தான் வேலை நடக்கும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் 'ஃபோர்க்ஸ்' எண்ணைக் கூட்ட வேண்டும், எஸ்எஸ்எச் வேலைகளைக் குறைக்கும் பைப்லைனிங்கை இயக்க வேண்டும், தேவையில்லாத இடத்தில் தகவல் திரட்டுவதை நிறுத்த வேண்டும். 'புரொஃபைல் டாஸ்க்ஸ்' என்ற கால்பேக்கைப் போட்டால் எந்த டாஸ்க் நேரம் தின்கிறது என்று தெரியும். இவ்வளவு செய்தும் பெரிய பிளேபுக் நத்தை வேகத்தில்தான் நகர்கிறது.

அணைத்து வைத்த சிஸ்டத்துக்கு ஆன்சிபிளால் எதுவும் செய்ய முடியாது. லேபில் இது தினசரிப் பிரச்சினை. 'ஆன்சிபிள்-புல்' இதற்கு நல்ல மாற்று. ஒவ்வொரு சிஸ்டமும் தானாகவே கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் களஞ்சியத்திலிருந்து பிளேபுக்கை எடுத்துத் தன்மேல் ஓட்டிக்கொள்ளும். ஆனால் எல்லா முடிவுகளையும் ஒரே திரையில் பார்க்கும் வசதி போய்விடும். அன்றாட அமைப்புகளுக்கு அதையும், தேர்வு வேலைக்கு நேரடி முறையையும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் பிளேபுக் எழுதப்படும் வடிவமான யாமல். கோப்பு அனுமதியை மேற்கோள் குறியும் முன்னால் பூஜ்யமும் இல்லாமல் 644 என்று எழுதினால் 1204 என்ற விபரீத அனுமதி விழும். ஒரே மாறிக்குப் பல இடங்களில் மதிப்பு கொடுத்திருந்தால் எது செல்லும் என்ற முன்னுரிமை வரிசையில் 22 படிகள் இருக்கின்றன. அத்தனையையும் நினைவில் வைக்க யாராலும் முடியாது. ரோலின் (ஒரு வேலைக்கான கோப்புத் தொகுப்பின்) இயல்பு மதிப்புகள், சிஸ்டம் குழுக்களுக்கான குரூப் மாறிகள் என்ற இரண்டைத் தாண்டுவதில்லை என்று எங்கள் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். நிபந்தனை மூன்று வரிக்கு மேல் நீண்டால் அதை யாமலில் விடாமல் பைத்தானுக்குக் கொண்டுபோய்விடுகிறோம்.

காசு எதுவும் இல்லை. ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைக்கிறது. இணையத் திரையோடு வேண்டும் என்றால் ஏடபிள்யூஎக்ஸ் இருக்கிறது. அதை நிறுவ இப்போது குபர்னெட்டிஸ் என்ற கன்டெய்னர் மேலாண்மை அமைப்பு வேண்டும். கல்லூரி லேபுக்கு அது தேவையில்லாத சுமை, கட்டளை வரியே போதும்.

பழைய சிஸ்டம்கள் வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பார்த்து நிறுவுங்கள். ஆன்சிபிளின் அடிப்படைப் பகுதியான ஆன்சிபிள்-கோரில், 2024-ல் வந்த 2.17 முதல் எதிர்முனையில் பைத்தான் 3.7-ஆவது இருந்தாக வேண்டும். உபுண்டு 18.04-ல் இருப்பது 3.6. எங்களிடம் அப்படி ஒரு லேப் இன்னும் இருக்கிறது. அதற்காக 2.16-ஐத் தனி மெய்நிகர் சூழலில் வைத்திருக்கிறேன், மற்ற லேப்களுக்குப் புதிய பதிப்பு. மாட்யூலையும் 3.6-ல் ஓடும்படியே எழுதியிருப்பதால் ஒரே கோப்பு இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது.